சுவருக்கு முன்னால் நிற்கிற கை

கேள்வி: என் மகனுக்கு ஐந்தே கால் வயது. யு.கே.ஜி. படிக்கிறான். பென்சிலால் போடுகிற புதிர்கள் மூளைக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னதால் 200 பக்கப் புதிர்ப் புத்தகம் ஒன்று வாங்கி, தினமும் ஐந்து பக்கம் போட வைத்தேன். முதல் வாரம் ஆசையாகச் செய்தான். இப்போது புத்தகத்தை எடுத்தாலே அழுகிறான். ‘வழி கண்டுபிடி’ புதிரில் சுவரையெல்லாம் வெட்டிக்கொண்டு நேராகக் கோடு இழுத்துவிடுகிறான். அவன் அழுத்துகிற அழுத்தில் பென்சில் முனை ஒடிகிறது. ஆனால் இதே மாதிரிப் புதிரை மொபைலில் அரை நிமிடத்தில் முடிக்கிறான். “புத்தகம் எதுக்கு, புள்ளி வச்சுக் கோலம் போடச் சொல்லு” என்கிறார் என் மாமியார். இந்தப் புதிர்களால் உண்மையிலேயே பயன் உண்டா? பையனுக்கு ஏதாவது குறை இருக்குமா? இடது கையால் எழுதுகிறான், அதுதான் காரணமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது மொபைல்தான். கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

மொபைலில் விரல் சுவரில் மோதினால் கோடு அங்கேயே நின்றுவிடும். சுவரைத் தாண்ட அந்தச் செயலி விடாது. பையன் விரலை எப்படி இழுத்தாலும் கோடு பாதைக்குள்தான் ஓடும். ‘டிங்’ என்று சத்தம் வரும், நட்சத்திரம் விழும். காகிதத்தில் அந்தக் காவல் கிடையாது. கை போகிற வேகத்தில் பென்சில் சுவரைத் தாண்டும், யாரும் தடுக்க மாட்டார்கள். தன் கையைத் தானே நிறுத்த வேண்டும். கோடு சுவரைத் தொடுவதற்கு அரை விநாடி முன்னால் கண் பார்த்து, கை வேகத்தைக் குறைத்து, திரும்ப வேண்டும். மொபைலில் முடிக்கிற பையன் காகிதத்தில் தடுமாறுவது அதனால்தான். பாதை அவனுக்குப் பிடிபடுகிறது. பிடிபடாதது நிற்பது. அந்த நிற்பதைப் பழகத்தான் பென்சில் புதிர்.

பயன் என்று நான் எண்ணுவதும் இதைத்தான். பென்சிலை நினைத்த இடத்தில் நிறுத்தவும் திருப்பவும் தெரிந்தால் நாளைக்கு ‘ழ’வும் ‘ஐ’யும் எழுதுகிற கைக்குச் சுமை குறையும். அடுத்த திருப்பத்தைக் கண் முன்கூட்டியே பார்க்கும் பழக்கம் வாசிப்புக்கும் வேண்டும். முட்டுச் சந்துக்குள் போனால் அழாமல் திரும்பி வரத் தெரிவது கணக்குக்கும் வேண்டும். கூடவே உட்கார்ந்து பேசுகிற அம்மா இருந்தால் ‘மேலே, கீழே, ஓரம், நடுவில், எதிர்ப்பக்கம்’ என்ற இடச்சொற்கள் வாயில் ஏறும். பெற்றோர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பெரிய லாபம் இது.

புத்தக அட்டையில் போடுகிற ‘அறிவுத்திறன் பெருகும்’ என்ற வாக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வகைப் புதிரைப் பழகினால் அந்த வகைப் புதிர் நன்றாக வரும், அதை ஒட்டிய திறனும் ஓரளவு வரும், அவ்வளவுதான். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 குழந்தைகளை 2 வயது தாண்டியதிலிருந்து வீட்டிலேயே கவனித்து 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். துண்டுகளைப் பொருத்தும் ஜிக்சா புதிரில் விளையாடிய குழந்தைகள், நாலரை வயதில் உருவங்களை மனதுக்குள் திருப்பிப் பொருத்துவதில் மேலாக இருந்தார்கள். ஆனால் அது கையால் துண்டுகளை நகர்த்துகிற புதிர். புதிர்தான் காரணம் என்றும் அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. தினம் ஐந்து பக்கம் போடாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவான் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். ஐந்து பக்கம் மிக அதிகம். ஒரு பக்கம் போதும். ஐந்து வயதுக்கு பத்து நிமிடம், நன்றாகப் போனால் பதினைந்து. அவன் “இன்னும் ஒண்ணு” என்று கேட்கும்போதே புத்தகத்தை மூடிவிடுங்கள்.

அடுத்தது, குறை இருக்குமோ என்ற கவலை. வீட்டிலேயே ஒரு சின்னப் பார்வை பார்க்கலாம். கோடில்லாத வெள்ளைத் தாளில் வட்டம், கூட்டல் குறி, சதுரம், பெருக்கல் குறி, முக்கோணம் ஆகியவற்றைத் தனித்தனியாக நீங்கள் முன்னாலேயே வரைந்து வையுங்கள். நீங்கள் வரைவதை அவன் பார்க்கக் கூடாது. கை போகிற வழியைப் பார்த்துச் செய்வது எளிது, வரைந்து முடித்த உருவத்தைப் பார்த்துப் போடுவது கடினம். நமக்கு வேண்டியது இரண்டாவது. சுமாராக 3 வயதில் வட்டம் வரும், 4இல் கூட்டல் குறி, நாலரை முதல் 5க்குள் சதுரம், 5ஐ ஒட்டிப் பெருக்கல் குறியும் முக்கோணமும் வரும். டைமண்ட் வடிவம் 6, 7 வயது வரை போகும். சாய்கோடு ஏன் தாமதம் என்றால், அதில் கை பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். உங்கள் பையனுக்குச் சதுரம் மூலையோடு வந்து, முக்கோணம் கோணலாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் சாய்பாதைகள் நிறைந்த புதிர்ப் பக்கம் அவனுக்கு இன்னும் ஆகாது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இனி அந்த 200 பக்கப் புத்தகம். பல புத்தகங்களில் கொஞ்சப் பக்கங்களுக்குள் பாதை திடீரென்று குறுகிவிடும். ஒரு ஸ்கேலை வைத்துப் பாதையின் அகலத்தை அளந்து பாருங்கள். நாலு வயதில் 2 செ.மீ., ஐந்தில் ஒன்றே கால் முதல் ஒன்றரை செ.மீ., ஆறில் 1 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு என்று நான் வைத்துக்கொள்வேன். ஸ்கேல் இல்லாவிட்டால் பெரியவர்களின் சுண்டுவிரலைப் பாதையில் வைத்துப் பார்க்கலாம், ஓரம் இடிக்காமல் இருந்தால் சரி. ஐந்து வயதுக் கைக்கு அரை செ.மீ. பாதையைக் கொடுத்தால் சுவரைத் தொடாமல் போகவே முடியாது. நாலு தடவை தொட்டதும், “எப்படியும் தொடத்தான் போகுது” என்று அவன் நேராக இழுத்துவிடுகிறான். நீங்கள் எழுதியிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். புத்தகத்தைப் பிரித்து, அவனுக்கு ஏற்ற பக்கங்களை மட்டும் தனித்தனித் தாளாகக் கொடுங்கள். மீதியை அடுத்த வருடத்துக்குப் பரணில் போடுங்கள். தடித்த புத்தகம் மடியாமல் மேடு தட்டி நிற்பதும் கைக்கு இடைஞ்சல். ஒற்றைத் தாள் தட்டையாகக் கிடக்கும், சாய்த்துக்கொள்ளலாம்.

வழி கண்டுபிடிக்கும் புதிரைப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவன் கண்ணைப் பாருங்கள், கையை அல்ல. சுவரை வெட்டுகிற குழந்தையின் கண் பெரும்பாலும் பென்சில் முனையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முனை சுவரில் ஏறிய பிறகுதான் சுவர் அவனுக்குத் தெரியும். இல்லையென்றால் கண் போக வேண்டிய இடத்தில், அதாவது முயலைக் கேரட்டிடம் கொண்டுபோகிற புதிர் என்றால் முயலை விட்டுக் கேரட்டில், இருக்கும், நடுவில் உள்ள சுவர்கள் அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பென்சிலை எடுப்பதற்கு முன்னால் ஆள்காட்டி விரலால் ஒரு தடவை போய்வரச் சொல்லுங்கள். “முயல் முதல்ல நடந்து பாக்கட்டும், அப்புறம் ஓடட்டும்.” விரல் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்க வேண்டும். அந்தத் திருப்பத்தில் நீங்கள் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். பிறகு பென்சில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போய் நின்று, மூச்சு விட்டு, அடுத்ததற்குப் போகும். நீளமான பாதை ஐந்தாறு குட்டிப் பாதைகளாகிவிடும். ஒரு வாரத்தில் புள்ளிகளை நீங்கள் வைப்பதை நிறுத்தி அவனையே வைக்கச் சொல்லுங்கள். அதற்கடுத்த வாரம் புள்ளி வேண்டாம். சில குழந்தைகள் அப்போதும் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனையும்.

ரப்பரைக் கையில் கொடுக்காதீர்கள். ரப்பர் இருந்தால் பாதி நேரம் தேய்ப்பதில் போகும், தாள் கிழியும், கிழிந்தால் அழுகை. அதற்குப் பதிலாக இரண்டு நிறப் பென்சில் வையுங்கள். முதல் முயற்சி நீலம். முட்டினால் முட்டின இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு நிறுத்திவிட்டு, பச்சையை எடுத்துப் பிரிந்த இடத்திலிருந்து மறுபடி. எந்த வழி போகவில்லை என்பது தாளிலேயே தெரியும், அதே முட்டுச் சந்துக்குள் மறுபடி நுழைய மாட்டான்.

முனை ஒடிகிற விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பென்சிலைப் பாருங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது எச்.பி. அது சின்னக் கைக்குக் கொஞ்சம் கடினம், நிறம் வருவதற்கே அழுத்த வேண்டும். 2பி வாங்குங்கள், லேசாகத் தொட்டாலே கறுப்பாக விழும். முழு நீளப் பென்சில் வேண்டாம். மற்ற விரல்களுக்கு இடமில்லாத அளவுக்குச் சின்னதாக, 5 முதல் 7 செ.மீ. துண்டாக இருந்தால் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் தானாகவே பிடிக்கு வந்துவிடும். உள்ளங்கையால் இறுக்கிப் பிடிக்க அதில் நீளமே இருக்காது. நம் வீடுகளில் ஒடிந்த சிலேட்டுப் பல்பத்தால் எழுதிப் பழகிய தலைமுறைக்கு இது யாரும் சொல்லாமலே நடந்தது. சிலேட்டைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் எடுத்துத் துடையுங்கள், அதிலேயே புதிர் வரைந்து கொடுக்கலாம்.

அழுத்தத்தைக் குறைக்க “மெதுவா, மெதுவா” என்று சொல்லிப் பயனில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவனுக்கே தெரிய வேண்டும். பழைய செய்தித்தாள் ஏழெட்டை அடுக்கி, அதன்மேல் புதிர்த் தாளை வையுங்கள். அதிகம் அழுத்தினால் முனை பொத்துக்கொண்டு உள்ளே இறங்கும். “ஓட்டை விழாம போ” என்பதே விளையாட்டாகிவிடும். கார்பன் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு தாளுக்கு நடுவில் அதை வைத்து, மேலே கோடு தெரிய வேண்டும், கீழே பதியக் கூடாது என்று பந்தயம் கட்டுங்கள். உட்காரும் விதத்தையும் கவனியுங்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் கால் தொங்கினால் உடம்பு ஆடும், அந்த ஆட்டத்தைச் சமாளிக்கவும் குழந்தை பென்சிலைத்தான் இறுக்கிப் பிடிக்கும். காலுக்குக் கீழே ஒரு முக்காலி போடுங்கள். அல்லது தரையில் சம்மணமிட்டு, மடியளவு உயரப் பலகையில் எழுதட்டும்.

மற்ற வகைகளில் ‘புள்ளிகளை இணை’ உங்கள் பையன் வயதுக்கு நல்லது, 1 முதல் 10 வரை இருந்தால். பாட்டு மாதிரி எண்ணத் தெரிந்த குழந்தைக்கு எழுதிய எண்ணின் வரிசை தெரியும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். எண்கள் 10ஐத் தாண்டினால், 12ஐயும் 21ஐயும் மாற்றிப் போய்விட்டால் படம் கோணலாகும், அவனுக்கு ஏன் என்று தெரியாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எண்ணை அச்சடித்துவிடுகிற புத்தகங்களும் உண்டு, எந்தப் புள்ளிக்கு எந்த எண் என்று பெரியவர்களுக்கே புரியாது. இன்னொரு கோளாறு, யானை என்று பார்த்தவுடனே தெரிகிற படம். குழந்தை எண்ணைப் பார்க்காமல் யானையை வரைந்துவிடும். முடிக்கும் வரை என்னவென்று தெரியாத படமாகத் தேர்ந்தெடுங்கள்.

பத்திரிகைகளில் வரும் ‘ஆறு வித்தியாசங்கள்’ ஐந்து வயதுக்கு அதிகம், மூன்று போதும். கண் படம் முழுக்கத் தாவித் தாவித் தேடுவதுதான் இதில் சிக்கல். இரண்டு படத்தின் மேலும் ஒரு அட்டையை வைத்து மூடி, மேலிருந்து இரண்டு விரல் அளவு இறக்குங்கள். தெரிகிற பட்டையில் மட்டும் தேடட்டும், பிறகு இன்னும் இரண்டு விரல். பத்துப் படம் இப்படிச் செய்தபின் அட்டை இல்லாமலே மேலிருந்து கீழே தேடத் தொடங்குவான்.

சொல் தேடும் புதிரை இப்போது கடையில் வாங்காதீர்கள், நீங்களே போடுங்கள். கணினியில் அவசரமாகச் செய்த தமிழ்ப் புதிர்களில் கொம்பு ஒரு கட்டத்திலும் எழுத்து இன்னொரு கட்டத்திலும் பிரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்துப் பழகுகிற குழந்தைக்கு ‘கொ’ மூன்று எழுத்தாகத் தோன்றும். நம் எழுத்துக்கு ஒரு கட்டம், ஓர் எழுத்து. ‘பால்’ இரண்டு கட்டம், ‘மரம்’ மூன்று, ‘தவளை’ மூன்று. நாலுக்கு நாலு கட்டம் போட்டு மூன்று சொல் ஒளித்து வையுங்கள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், இந்த இரண்டு திசை மட்டும். வாசிக்கும் திசையே இன்னும் கையில் நிற்காத வயதில் வலமிருந்து இடமாகச் சொல் ஒளித்தால் குழப்பம் கூடும். இதை அவனுக்கு எழுத்து கூட்டத் தெரிந்த பிறகு தொடங்கினால் போதும்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் மனதார ஆமோதிக்கிறேன். சிக்குக் கோலத்தைவிட நல்ல பென்சில் புதிரைச் சொல்வது கடினம். அதில் சுவர் கிடையாது, புள்ளிதான் காவல். புள்ளியைத் தொடாமல், அதே சமயம் விட்டு விலகாமல் கோடு வளைய வேண்டும். மூன்று செ.மீ. இடைவெளியில் ஒரே வரியில் மூன்று புள்ளி வையுங்கள். கோடு முதல் புள்ளிக்கு மேலே, இரண்டாவதற்குக் கீழே, மூன்றாவதற்கு மேலே என்று பாம்பு போல நெளிந்து போகும். மூன்றாவதைச் சுற்றித் திரும்பி அதன் கீழே, பிறகு இரண்டாவதற்கு மேலே, முதலாவதற்குக் கீழே வந்து தொடங்கிய இடத்தில் சேரும். இரண்டு இடத்தில் கோடு கோட்டை வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை என்றால் எங்கோ நெளியாமல் நேராகப் போயிருக்கிறான், அதை அவனே கண்டுபிடிப்பான். முதலில் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ சாக்பீஸால் பெரிதாக, தோள் அசைய. பிறகு சிலேட்டில், பிறகு தாளில். உருவம் கையில் ஏறியபின் சிறிதாக்குவது எளிது, எடுத்த எடுப்பில் சிறிதாகத் தொடங்கினால் விரல்தான் வலிக்கும்.

அடுத்து நேர்ப்புள்ளி, இரண்டு வரிசையில் மும்மூன்று. எல்லாப் பக்கத்துப் புள்ளிகளுக்கும் நடுவில் கோடு வெட்டும்படி நெளித்தால் இதில் கையெடுக்காமல் ஒரே கோடாக முடியும். இரண்டுக்கு இரண்டில் அப்படி முடியாது, இரண்டு தனிக் கோடு வரும். மூன்றுக்கு மூன்றில் மூன்று. வரிசைகளின் எண்ணிக்கை, ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண் (மீப்பெரு பொது வகுத்தி) எவ்வளவோ அத்தனை கோடு. ஆகவே 2க்கு 2 கோலத்தில் கோடு பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டால் பையன் தப்பாகப் போட்டான் என்று நினைக்காதீர்கள். மாமியாரிடம் கேளுங்கள், கணக்கு சொல்லாமலே கைப்பழக்கத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். புள்ளி வைப்பது அவராக இருக்கட்டும், கோடு பேரனுடையது.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று மாதம் போனபின்னும் சதுரம் வரவே இல்லை, ஒரு நிமிடத்தில் கை வலிக்கிறது என்கிறான், பென்சிலை விரலால் பிடிக்க முடியாமல் முஷ்டியில் பிடிக்கிறான் என்றால், எழுதுவது போன்ற அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். தாளுக்கு ஒரு சாண் தூரத்துக்கும் குறைவாக முகத்தைக் கொண்டுபோவது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது, தலையை எப்போதும் ஒரே பக்கம் சாய்ப்பது ஆகியவை இருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் முதலில் கண் மருத்துவரிடம் போங்கள். நேற்று வரை செய்த வேலை இன்று கைக்கு வரவில்லை என்றால் உடனே குழந்தை மருத்துவரிடம். 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையில் அந்த மையத்தின் ஆங்கிலச் சுருக்கமான ‘டி.ஈ.ஐ.சி.’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

இடது கை குறை அல்ல, மாற்ற முயல வேண்டாம். ஆனால் பக்கத்தை அச்சடிப்பவர்கள் வலது கைக்காரர்களை நினைத்துத்தான் அச்சடிக்கிறார்கள். மாதிரி உருவத்தை இடது ஓரத்தில் போட்டு, வலது பக்கம் வரையச் சொல்வார்கள். இடது கைக் குழந்தையின் முன்கை அந்த மாதிரியை மறைத்துவிடும். கையைத் தூக்கிப் பார்த்து, மறுபடி வைத்து, அதிலேயே களைத்துப்போகும். அதே மாதிரியை வலது ஓரத்திலும் ஒரு தடவை நீங்கள் வரைந்துவிடுங்கள். தாளை வலப்பக்கம் சாய்த்து, அதாவது தாளின் மேல் ஓரம் வலது பக்கம் பார்க்கும்படி, 30 பாகை அளவு திருப்பி வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து மூன்று செ.மீ. மேலே பிடிக்கட்டும், போட்ட கோடு அவனுக்குத் தெரியும், கை அதைத் தேய்க்காது. பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் போதும். விளக்கு வலது பக்கத்திலிருந்து விழ வேண்டும். பள்ளியில் பக்கத்துப் பையன் வலது கைக்காரனாக இருந்தால் இரண்டு முழங்கையும் இடிக்கும், இவனைப் பெஞ்சின் இடது முனையில் உட்காரவைக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.